95% குர்குமின் பொடி: ஒளியால் வைரஸை அழிக்கும் ஆய்வுக்குப் போதுமா?

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் மீது நீல ஒளி பட்டால் வைரஸ் அழிகிறதா என்று பார்ப்பதே இந்த ஆய்வு. தொடக்கச் சோதனைகளுக்கு இந்தப் பொடியைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் டப்பாவில் உள்ள 95% மூன்று குர்குமினாய்டுகளையும் (குர்குமினும் அதைப் போன்ற இரு சேர்மங்களும்) சேர்த்த கணக்கு. குர்குமின் மட்டும் ஏறக்குறைய முக்கால் பங்குதான். 10 மில்லிமோலார் கரைசலுக்கு 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓவில் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்) 3.68 மில்லிகிராம் என்ற கணக்கு தூய குர்குமினுக்கே பொருந்தும்.

தண்ணீரில் இது கரையாது. டிஎம்எஸ்ஓவில் கரைத்து, சிறு குப்பிகளாகப் பிரித்து, வெளிச்சம் படாமல் மைனஸ் 20 டிகிரியில் வைக்கவும். பெரும்பாலோர் சறுக்குவது அடுத்த கட்டத்தில்: பிஎச் 7.4 பஃபரில் (அமில-காரத் தன்மை மாறாத கரைசல்) சேர்த்தபின் சில நிமிடங்களிலேயே குர்குமின் சிதையத் தொடங்கும். வைரஸோடு கலப்பதும் விளக்கைப் போடுவதும் அடுத்தடுத்து நடக்க வேண்டும்.

குர்குமின் ஒளியை அதிகம் உறிஞ்சும் அலைநீளம் 425 நானோமீட்டர் அருகே. 450 நானோமீட்டர் நீல எல்இடி போதும், சதுர செ.மீ.க்கு 20 மில்லிவாட் என்றால் 500 நொடியில் 10 ஜூல். ஃபீனால் ரெட் (நிறங்காட்டி), ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) உள்ள செல் வளர்ப்பு ஊடகம் வேண்டாம், இரண்டும் நீல ஒளியை விழுங்கும். இருட்டில் குர்குமின், ஒளி மட்டும், டிஎம்எஸ்ஓவுடன் ஒளி என மூன்று ஒப்பீடுகள் கட்டாயம். இவை இல்லாத முடிவை நம்ப வேண்டாம்.

துல்லிய அளவீட்டுக்குப் பிரித்தெடுத்த தூய குர்குமினையே கேளுங்கள்.