ஸ்டோரிபுக்கில் ஐந்து மொழிகள்: இரண்டரை வருடம் கழித்து

போன வாரம் தரமணியில் வேலை பார்க்கும் நண்பன் கூப்பிட்டான். "மச்சான், ஐந்து மொழியிலும் காம்பொனென்ட் எப்படித் தெரியுதுன்னு பார்க்கணும், அதுக்காக மட்டும் ஸ்டோரிபுக் போடலாமா?" என்றான். பதில் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அதையே இங்கே எழுதிவிடுகிறேன். ஸ்டோரிபுக் என்பது பட்டன், அட்டை போன்ற ஆப்பின் துண்டுகளை (காம்பொனென்ட்) முழு ஆப்பையும் ஓட்டாமல் தனித்தனியாகக் காட்டும் கருவி. அதில் ஸ்டோரி எப்படி எழுதுவது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது.

எங்களுடையது அக்கம்பக்கத்துக் கடைகளைக் காட்டும் ஆப். தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, மலையாளம், இந்தி. மேலே டூல்பாரில் மொழிக்கு ஒரு ட்ராப்டவுன், டெக்கரேட்டரில் (ஒவ்வொரு ஸ்டோரியையும் சுற்றி ஓடும் சின்னக் கோட்) அந்த மதிப்பை எடுத்து, மொழிபெயர்ப்பைக் கவனிக்கும் லைப்ரரியான ஐ18நெக்ஸ்ட்டிடம் கொடுப்பது, அவ்வளவுதான், அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்குக் கிடைத்த பலன் பெரியது, அதை மறுக்க மாட்டேன்.

கடை அட்டையில் பகுதியின் பெயர் 10 எழுத்தைத் தாண்டினால் வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைக்கும்படி எழுதியிருந்தோம். ஆங்கிலத்தில் 'ட்ரிப்ளிகேன்' சரியாக 10 எழுத்து, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தமிழுக்கு மாற்றினேன். 'திருவல்லிக…' என்று நிற்கிறது. நம் கணக்கில் திருவல்லிக்கேணி 8 எழுத்துதான், ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் துணைக்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு அது 15. பத்தாவது இடத்தில் கத்தி விழுந்ததில் 'க்'கின் புள்ளி போய் வெறும் 'க' மிச்சம். முழு எழுத்துகளாகப் பிரித்துத் தரும் இன்டல் செக்மென்டர் வைத்து எண்ணியதும் சரியாகிவிட்டது. ஆனால் முழு ஆப்பையும் ஓட்டி, லாகின் செய்து, அந்தக் கடை வரை போய்த்தான் பார்க்க முடியும் என்றிருந்தால் இதை நாங்கள் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம்.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. எங்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பவர் மயிலாப்பூரில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. முன்பெல்லாம் அவருக்கு எக்செல் ஷீட்தான் போகும், ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், பக்கத்தில் காலிக் கட்டம். 'ஓபன்' என்று இருந்ததற்கு 'திற' என்று எழுதி அனுப்பியிருந்தார், அது கடை அட்டையின் மூலையில் பச்சை நிறத்தில் 'திற' என்று மாதக் கணக்கில் இருந்தது. ஸ்டோரிபுக்கில் நாம் தேர்ந்தெடுத்த மொழி யூஆர்எல்லிலேயே இருக்கும் என்பதால், அந்த அட்டையைத் தமிழில் திறக்கும் லிங்க்கை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "தம்பி, இது கட்டளை இல்லையே, கடை திறந்திருக்குன்னு சொல்றீங்க. 'திறந்துள்ளது'ன்னு போடுங்க." அன்றிலிருந்து அவருக்கு ஷீட் அனுப்புவதே இல்லை.

சரி, இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். அந்த டூல்பாரில் ஒரு நேரத்தில் ஒரு மொழியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மலையாளத்தில் பட்டன் இரண்டு வரி ஆகிறது, தமிழில் ஆகவில்லை, தெலுங்கில் அடிப்பக்கம் வெட்டுப்படுகிறது என்பதை ஒப்பிட ஐந்து முறை மாற்றி மாற்றி ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்ட நானே ஒரு டெக்கரேட்டர் எழுதினேன். ஐ18நெக்ஸ்ட் இன்ஸ்டன்ஸ் ஒன்றே ஒன்று இருந்தால் கடைசியாக மாற்றிய மொழிக்கே எல்லாம் ஓடிவிடும் என்பதால் மொழிக்கு ஒரு க்ளோன் (நகல்) எடுத்து, அதைக் காம்பொனென்ட்டுக்குக் கொண்டுசேர்க்கும் ப்ரொவைடரை ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சுற்றி, அப்புறம் ஒவ்வொரு டிவ்வுக்கும், உள்ளே இருப்பது எந்த மொழி என்று பிரவுசருக்குச் சொல்லும் லேங் அட்ரிபியூட் போட்டு... அந்த லேங் விஷயமும் தனியாக ஒரு நாளைத் தின்றது. டூல்பார் ஒரு மதிப்பைத்தான் கொடுக்கும், பக்கத்தின் லேங் அதன்பாட்டுக்கு ஆங்கிலமாகவே இருக்கும். தமிழுக்கென்று சிஎஸ்எஸ்ஸில் கூடுதலாக வைத்திருந்த லைன் ஹைட் வேலையே செய்யவில்லை, 'கி', 'கீ'யின் வளைவுகள் மேலே வெட்டுப்பட்டு நின்றன, நான் ஃபான்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம்விட என்னைக் குடைவது, தொடக்க மொழியாக நாங்கள் ஆங்கிலத்தை வைத்திருந்ததுதான். யாருமே மாற்றிப் பார்க்கவில்லை! தமிழ் பேசும் ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் பெருங்குடி ஆபீஸில், தமிழுக்கு மாற்ற ஒரு க்ளிக்கூட யாரும் செய்யவில்லை, ஆங்கிலத்தில் நன்றாகத் தெரிந்தால் வேலை முடிந்தது என்று கமிட் போனது. தொடக்க மதிப்புகளை வைக்கும் இனிஷியல் குளோபல்ஸில் 'ta' என்று இரண்டே எழுத்தை மாற்றினேன். அதற்கு ரிவ்யூவில் வந்த முணுமுணுப்பைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்கப்புறம் எல்லோருமே தமிழில்தான் முதலில் பார்க்கிறார்கள், வெட்டுப்படும் எழுத்து அன்றைக்கே சரியாகிறது.

இதற்கு நடுவில் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும் லினக்ஸ் சர்வரில் தமிழ் ஃபான்ட் இல்லாமல் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. நோட்டோ ஃபான்ட்டைப் போட்டதும் தீர்ந்தது, அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பதினைந்து நாள் முன்பு ஸ்டோரிபுக்கின் அடுத்த பெரிய வெர்ஷனுக்கு மாறினோம். மொழிக்காகச் சேர்த்திருந்த சின்ன ஆடான் (கூடுதல் இணைப்பு) ஒன்று எழவில்லை, என் டெக்கரேட்டரிலும் பாதி உடைந்தது. சனி, ஞாயிறு இரண்டும் அதிலேயே போயின, பையனைப் பெசன்ட் நகர் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்ததும் நடக்கவில்லை.

அதனால் நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மொழிக்காக மட்டும் என்றால் வேண்டாம், ஒரு தனிப் பக்கம் போடு, மொழிக்கு ஒன்றாக ஐந்து நெடுவரிசை, எல்லா காம்பொனென்ட்டும் அதில் வரட்டும், தமிழ் முதல் வரிசையில் இருக்கட்டும் என்றேன். "அப்போ நீங்க அதைத் தூக்கிடப் போறீங்களா?" என்று கேட்டான். இல்லை. புதுசாகப் போட்ட பில் அட்டைக்கு நாளை காலை டீச்சருக்கு லிங்க் அனுப்ப வேண்டும்.