மர நடைவண்டி, 4 ஸ்டார் குடுக்கலாம்

பாப்பாவுக்கு 13 மாசம், இன்னும் நடக்கலையான்னு வர்றவங்க எல்லாம் கேக்க கேக்க எனக்கு ராத்திரி தூக்கமே போச்சு. உக்கார வச்சு உருட்டுற வாக்கர் வாங்கலாம்னு இருந்தேன், டாக்டரம்மா வேணவே வேணாம்னுட்டாங்க, கனடால 2004லயே அத தடை பண்ணியாச்சாம், தனியா நடக்க 18 மாசம் வரைக்கும் கூட ஆகலாம் பயப்படாதீங்கன்னாங்க. அப்புறம்தான் இந்த மூணு சக்கர வண்டி. டைல்ஸ் தரைல சர்ருனு வழுக்குது, எங்க வீட்டுக்காரர் பழைய சைக்கிள் ட்யூப வெட்டி சக்கரத்துல சுத்தினாரு, இப்ப ஓகே. கைப்பிடி ஓரம் சொரசொரன்னு இருக்கு, உப்புத்தாள் போட்டு தேச்சுட்டு குடுங்க. நேத்து கட்டைவிரல ஊனி ஊனி நாலு எட்டு வச்சா, எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு. பக்கத்துல ஆள் இல்லாம மட்டும் விடாதீங்க.