நெஞ்சா, ஈரக்குலையா?

காரைக்குடி ஆச்சிமார் பேச்சில் இரண்டும் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. நெஞ்சு என்றால் மார்பு, மனம் இரண்டும்தான். திருக்குறளின் 125ஆம் அதிகாரமான ‘நெஞ்சொடு கிளத்தல்’ முழுவதும், காதலி தன் நெஞ்சையே எதிரில் உட்காரவைத்துப் பேசுகிறாள். நெஞ்சு உருகும், நெகிழும், உறுத்தும்.

ஈரக்குலை பேச்சுத்துணை ஆகாது. ஈரலும் அதையொட்டியவையும் கொத்தாகத் தொங்குவதைக் கறிக்கடையில் பார்த்தவர்களுக்கு (செட்டிநாட்டில் யார்தான் பார்க்கவில்லை?) விளக்கம் வேண்டாம். அதன் வேலை பெரும்பாலும் நடுங்குவதுதான். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவரை நினைத்து ஏங்கியது நெஞ்சு. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த சேதிக்கு நடுங்கியது ஈரக்குலை.

இதயம்? வடமொழி வழி வந்த அந்தச் சொல் எனக்கு ஆஸ்பத்திரி வாசனையோடுதான் கேட்கிறது.