பள்ளியில் கொடுக்கும் சைக்கிள்: கடைக்காரன் சொல்கிறேன்

செங்கம் பக்கத்தில் 22 வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி என் கைக்கு வராத வருடமே இல்லை. போன வருடம் என் மகளுக்கே கிடைத்தது. அதனால் மெக்கானிக்காகவும் அப்பாவாகவும் எழுதுகிறேன்.

வண்டி நல்ல வண்டி. ஃபிரேம் கனமாக இருக்கும், வெல்டிங் விட்டுப் போய் வந்தவை இத்தனை வருடத்தில் நாலைந்துதான். மண்பாதையில், பின்னால் தம்பியை உட்கார வைத்து, முன்கூடையில் இரண்டு பையைத் திணித்து மிதித்தாலும் தாங்குகிறது. குறையெல்லாம் பூட்டுவதில்தான். பாகம் பாகமாக வந்து, பள்ளி மைதானத்திலேயே அவசர அவசரமாகப் பூட்டித் தருகிறார்கள். பிரேக் கட்டை ரிம்மில் படாது. ஹேண்டில்பார் ஆடும். ஸ்போக் இழுத்திருக்காது, கிரீஸ் பேருக்குத்தான் இருக்கும். என் மகள் வண்டியில் முன் சக்கர நட்டை விரலாலேயே திருகிக் கழற்றினேன். பள்ளியிலிருந்து எங்கள் வீடு 5 கிலோமீட்டர், நடுவில் ஒரு ஏரிக்கரை இறக்கம். அதில் அவள் ஏறி மிதித்து வந்திருந்தால் என்று நினைத்தாலே இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அதனால் வண்டி கைக்கு வந்ததும் ஏறி மிதிக்காதீர்கள். பக்கத்துக் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போங்கள். எல்லா நட்டையும் முறுக்கி, இரண்டு சக்கரத்துக்கும் பெண்டு எடுத்து, கிரீஸ் வைக்க ஒரு மணி நேரம் ஆகும். நான் இந்த வண்டிகளுக்கு 100 ரூபாய்தான் வாங்குகிறேன். பெடலும் டியூபும் ஒரு வருடத்துக்கு மேல் வராது, அதற்குக் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள்.

இலவச பஸ் பாஸ் இருக்கும்போது சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊருக்கு டவுன் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பன்னிரண்டாவதில் ஸ்பெஷல் கிளாஸ் விட ஆறு மணி ஆகிவிடும், பஸ் அதற்கு முன்பே போயிருக்கும். இருட்டில் பெண்பிள்ளை எப்படி வருவாள் என்று கேட்டே படிப்பை நிறுத்திய வீடுகள் எனக்குத் தெரியும். நாலு பெண்கள் சேர்ந்து சைக்கிளில் வந்தால் அந்தப் பேச்சே எழுவதில்லை. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த திட்டம், 2005-06 முதல் அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பதினொன்று படிக்கும் எல்லோருக்கும் ஆனது. கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் பிள்ளையைப் பள்ளிக்கு வர வைப்பது இந்த மாதிரி உதவிகள்தான். இடைநிற்றலைக் குறைக்கவென்றே 10, 11-ல் தலா 1,500, 12-ல் 2,000 என்று ஒரு பிள்ளைக்கு மொத்தம் 5,000 ரூபாயும் அரசு போடுகிறது. அது நல்லதுதான், ஆனால் பன்னிரண்டு முடித்த பிறகே கைக்கு வரும். சைக்கிள் மறுநாள் காலையிலேயே உதவுகிறது.

என் பெரிய வருத்தம், இது பதினொன்றில் வருவது. எங்கள் ஊரில் எட்டாவது வரைதான் பள்ளி. ஒன்பதாவதுக்கு அந்த 5 கிலோமீட்டர் போயாக வேண்டும். அங்கேதான் நிறையப் பேர் நிற்கிறார்கள், மிச்சம் பேர் பத்தாவதில் தவறியதும் நிற்கிறார்கள். இரண்டையும் தாண்டி வந்த பிள்ளைக்குத்தான் நாம் வண்டி கொடுக்கிறோம். பீகாரில் 2006-லேயே ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதைக் கணக்கெடுத்துப் பார்த்ததில், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் பெரும்பாலும் கூடியது. படித்ததும் எங்கள் ஊர்தான் எனக்கு ஞாபகம் வந்தது. மேற்கு வங்கத்திலும் 2015 முதல் ஒன்பதாவதிலிருந்தே கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் இரண்டு வருடம் முன்னால் கொடுங்கள் என்று அரசை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து விற்காதீர்கள். போன வருடம் ஒருவர் மகளுடைய புது வண்டியை விற்கக் கொண்டுவந்தார். உரச் செலவுக்குப் பணம் வேண்டுமாம். அந்தப் பெண் வெளியே நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணே, பாப்பா பன்னெண்டு முடிக்கட்டும். அப்புறம் கொண்டாங்க, இதே விலைக்கு நானே எடுத்துக்கறேன்” என்று சொல்லி, கையில் இருந்ததைக் கடனாகக் கொடுத்து அனுப்பினேன். போன வாரம் அந்தப் பெண் வந்து செயின் மாற்றிக்கொண்டு போனாள். இன்னும் நாலு மாதத்தில் பரீட்சை.