பேரல் தேய்ந்த பிறகுதான் தெரிகிறது: ஃபேக்டரி ரைஃபிளா, கஸ்டம் ரைஃபிளா?

போன மாதம் அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்கு வடக்கே உள்ள பென் ஏவரி ரேஞ்சில், சுட்டு முடித்து காலி உறைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். எங்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் திருநெல்வேலித் தம்பி கேட்டான்: “அண்ணே, 1,200 டாலர் ரைஃபிளே நூறு கஜத்துல மூணு குண்டையும் ஒரு காசு அகலத்துக்குள்ள போடுது. நீங்க 4,000 கிட்ட செலவழிச்சுக் கட்டி வச்சிருக்கீங்க. அப்படி என்ன கூட இருக்கு?”

“துல்லியத்துல பெருசா ஒண்ணும் இல்லப்பா” என்றேன். அவன் நம்பவில்லை. வெயில் ஏறிவிட்டதால் பேச்சு அதோடு நின்றது. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஃபேக்டரி என்றால் கடையில் அப்படியே வாங்குவது, கஸ்டம் என்றால் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் கட்டுவது. ஃபேக்டரி ரைஃபிளில் நான்கு வருடம், கஸ்டமில் மூன்று வருடம் ஆகிறது. கஸ்டம் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்ல வேண்டும். ஹெச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவதற்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன. நான் கிரீன் கார்டு வரும்வரை நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் நிலை என்ன என்று வக்கீலிடம் கேட்டுத் தெளிவு செய்துகொண்டு மேலே படியுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் கஸ்டம் ரைஃபிளுக்குக் காரணமே துல்லியம்தான். 1962-இல் வந்த ரெமிங்டன் 700-ஐ வாங்கி, ஆக்‌ஷனின் (பேரல் பொருந்தி, போல்ட் என்ற தாழ் ஓடும் உலோக உடல்) முகத்தையும் மரைகளையும் லேத்தில் நேராக்கி, நல்ல பேரல் ஒன்றைப் பொருத்திக் கொடுப்பார்கள். ஃபேக்டரியில் வந்தபடியே சுட்டால் கிடைக்காத துல்லியம் அப்படித்தான் கிடைத்தது. இன்றைக்கு அந்த வாதம் பெருமளவு வலுவிழந்துவிட்டது. பின்லாந்தின் ரீஹிமாகியில் செய்யப்படும் டிக்கா டி3எக்ஸ், ஸ்பெயினிலிருந்து வரும் பெர்காரா பி-14, 2015-இல் வந்த ரூகர் பிரிசிஷன் எதை எடுத்தாலும், நல்ல மேட்ச் (போட்டி ரக) தோட்டாவோடு 1 எம்ஓஏ-வுக்குள் சுடுவது சாதாரணம். எம்ஓஏ என்பது குண்டுகள் சிதறும் அகலத்தைச் சொல்லும் கோண அளவு: நூறு கஜத்தில் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, அதுதான் 1 எம்ஓஏ.

என் பழைய ஃபேக்டரி ரைஃபிள் 0.7 எம்ஓஏ சுடும். இப்போதிருக்கும் கஸ்டம் 0.4 சுடும். 600 கஜத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 2 அங்குலம். 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா ரகத்தில் காற்றின் வேகத்தை மணிக்கு ஒரே ஒரு மைல் தப்பாகக் கணித்தால் அதே தூரத்தில் குண்டு விலகுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். காலை பத்து மணிக்கு மேல் இந்தப் பாலைவனத்தில் ஸ்கோப்பைத் திறந்தால் இலக்கின் அடிப்பகுதி கானலில் நீராக ஓடும். அதைப் பார்த்து காற்றைக் கணிக்கத் தெரியாத எனக்கு 0.4 ரைஃபிள் கிடைத்து என்ன பயன்? முதல் இரண்டு வருடம் நான் தவறவிட்ட இலக்குகளில் முக்கால்வாசி காற்றால்தான் போயின, ரைஃபிளால் இல்லை.

அப்படியிருந்தும் ஏன் கஸ்டம்? பேரலுக்காக. இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பேரல் என்பது டயர் மாதிரி. தேயும். 6.5 கிரீட்மோரில் ஒவ்வொரு முறை சுடும்போதும் தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டை ஒட்டிய அழுத்தம் எழும்புகிறது. அந்தச் சூடான வாயு சேம்பர் முடிந்து வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தை, ‘த்ரோட்’ என்று சொல்கிற அந்த அரை விரல் நீளப் பகுதியை, ஒவ்வொரு ரவுண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். தூர இலக்குகளைச் சுடும் போட்டியில் ஒன்றரை நிமிடத்துக்குள் பத்து ரவுண்டு போட வேண்டியிருப்பதால் பேரல் ஆற நேரமே கிடையாது. 6.5 கிரீட்மோரில் 2,000 முதல் 3,000 ரவுண்டு வரை நல்ல துல்லியம் எதிர்பார்க்கலாம். 6 கிரீட்மோரில் அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். .308 மட்டும் 5,000-ஐத் தாண்டியும் ஓடும்.

என் முதல் ரைஃபிளில் 2,600 ரவுண்டு ஆனபோது, 0.7 சுட்டுக்கொண்டிருந்தது திடீரென்று 1.3, 1.5 என்று போக ஆரம்பித்தது. முதலில் ஸ்கோப் திருகுகளைச் சந்தேகப்பட்டேன், பிறகு தோட்டாவை, பிறகு என்னையே. கடைசியில் நண்பர் ஒருவர் போர்ஸ்கோப் கொண்டுவந்து உள்ளே விட்டுக் காட்டினார். அந்தத் திரையில் தெரிந்ததை மறக்க முடியவில்லை. சித்திரை வெயிலில் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கண்மாய்க் களிமண்தான் அது. வரிகளின் விளிம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்பதே தெரியவில்லை. மூன்று அங்குலம் தாண்டிய பிறகு பேரல் புதிதுபோல் பளபளத்தது. முன்னால் இருந்த அந்தக் கொஞ்சம் போதும், மொத்தமும் வீண்.

சரி, பேரலை மாற்றிவிடலாம் என்று பார்த்தால் அங்கேதான் சிக்கல். பெரும்பாலான ஃபேக்டரி ரைஃபிள்களில் ஒரு ஆக்‌ஷனுக்கும் இன்னொரு ஆக்‌ஷனுக்கும் அளவில் சின்னச் சின்ன வேறுபாடு இருக்கும். ஆகவே ஆக்‌ஷனைக் கையில் வைத்துக்கொண்டுதான் கன்ஸ்மித் (துப்பாக்கிப் பட்டறைக்காரர்) புது பேரலில் மரை வெட்டி, சேம்பர் குடைந்து, ஹெட்ஸ்பேஸ் சரிபார்க்க முடியும். போல்ட் முகத்துக்கும் தோட்டா போய் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். அதில் விளையாடக் கூடாது, உயிர் சம்பந்தப்பட்டது. நான் அனுப்பிய கடையில் எட்டு வாரம் என்றார்கள். ஐந்து மாதம் ஆனது. அவர்களைக் குறை சொல்லவில்லை, நல்ல கன்ஸ்மித் எல்லோரிடமும் வரிசை நீளம்தான். ஆனால் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் இங்கே சுடுவதற்கு இதமான காலம். அந்தக் காலத்தில் பெரும்பகுதி என்னிடம் ரைஃபிள் இல்லை.

இப்போதைய கஸ்டம் உலகம் இந்த இடத்தில்தான் மாறியிருக்கிறது. ஸெர்மாட், டிஃபையன்ஸ், இம்பாக்ட் போன்ற ஆக்‌ஷன் தயாரிப்பாளர்கள் ஹெட்ஸ்பேஸைத் தீர்மானிக்கும் அந்த முக்கியமான அளவை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கட்டுக்குள் வைக்கிறார்கள். அதாவது 25 மைக்ரான். வேலையில் நாள் முழுக்க அளவீட்டுக் கருவிகளோடு இருப்பவன் நான். ஒரு பொருளில் இந்த அளவைப் பிடிப்பது பெரிய காரியம் இல்லை. ஆயிரம் பொருளில் ஒன்றுபோல் பிடிப்பதுதான் கஷ்டம். அதைப் பிடித்துவிட்டால், உங்கள் ஆக்‌ஷனைப் பார்க்காமலேயே எங்கோ ஒரு பட்டறையில் பேரலை முழுசாக முடித்துத் தபாலில் அனுப்பிவிடலாம். ‘ப்ரீஃபிட்’ என்று பெயர். சட்டப்படி துப்பாக்கி என்பது தொடர் எண் உள்ள ஆக்‌ஷன் மட்டுமே. அதற்கு டீலர் கடையில் வாங்குபவர் நிரப்பும் 4473 படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. பேரல் நேராக வீட்டுக்கே வரும்.

என் இரண்டாவது பேரலை கராஜில் ஒரு சனிக்கிழமை மதியம் மாற்றினேன். பேரலை வைஸில் இறுக்கி, ஆக்‌ஷனில் ரெஞ்சைக் கோத்துத் தட்டியதும் ‘டக்’கென்று இளகியது. மரையைத் துடைத்து, துளி கிரீஸ் வைத்து, புதியதைக் கையாலேயே கடைசிவரை திருகினேன். தோள் ஆக்‌ஷன் முகத்தில் போய் உட்காரும் அந்த நொடி விரலுக்குத் தெரியும். சொன்ன அளவுக்கு முறுக்குவிசை கொடுத்து முடுக்கிவிட்டு, ஹெட்ஸ்பேஸைச் சோதிக்கும் கோ கேஜைப் போட்டு போல்ட்டை இறக்கினேன். தன் எடையிலேயே மூடியது. நோ-கோ கேஜைப் போட்டேன். பாதி வழியில் நின்றுவிட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும். மொத்தம் 40 நிமிடம். மறுநாள் காலை ரேஞ்சில் புதிதாக ஜீரோ செய்தேன், அதாவது ஸ்கோப்பின் குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாக வரும்படி சரிசெய்தேன். புது பேரலில் முதல் நூற்றைம்பது ரவுண்டு வரை குண்டின் வேகம் மெல்ல ஏறிக்கொண்டே போகும், எனக்கு விநாடிக்கு 40 அடி ஏறியது. ஆகவே தூரக் கணக்கை அதற்குப் பிறகுதான் எழுதி வைத்தேன்.

பணக் கணக்கைப் பார்த்தால் இதில் பெரிய லாபம் இல்லை. ப்ரீஃபிட் பேரல் ஒன்று 700 டாலருக்கு முன்னே பின்னே. கன்ஸ்மித்திடம் கொடுத்தாலும் பேரலும் கூலியும் தபாலும் சேர்ந்து அதே அளவுதான் வரும், சில சமயம் இன்னும் கூட. அந்த பேரலில் நான் சுட்டுத் தீர்க்கும் தோட்டாவின் விலை 4,000 டாலரைத் தாண்டும். எனக்கு மிஞ்சியது அந்த ஐந்து மாதம்தான். தேய்வதற்கு முன்பே அடுத்த பேரலை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

ஃபேக்டரி பக்கத்துக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எல்லா ஃபேக்டரி ரைஃபிளும் இதில் பின்தங்கியவை அல்ல. சாவேஜ் 110 வந்த 1958-லிருந்தே பேரலை நட் போட்டுப் பிடிக்கிறார்கள். நட்டைத் தளர்த்தி, கேஜ் வைத்து ஹெட்ஸ்பேஸைச் சரிசெய்து இறுக்கிவிடலாம். ரூகர் பிரிசிஷனிலும் நட்தான். டிக்காவோ நட் இல்லாமலேயே அளவு சீராக வருவதால், அதற்கென்றே ப்ரீஃபிட் விற்பவர்கள் இருக்கிறார்கள். அதிலும் கேஜ் வைத்துப் பார்க்காமல் சுடக் கூடாது. ஏழு வருடத்துக்கு முன் இது எனக்குத் தெரிந்திருந்தால் கஸ்டம் பக்கம் இவ்வளவு சீக்கிரம் வந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

கஸ்டமில் தலைவலியும் உண்டு. ஃபேக்டரி ரைஃபிளில் ஏதாவது என்றால் ஒரே கம்பெனிக்கு ஒரு போன். கஸ்டமில் ஆக்‌ஷன் ஓரிடம், பேரல் ஓரிடம், ட்ரிக்கர் ஓரிடம், இவற்றைத் தாங்கும் சட்டகமான சேஸி ஓரிடம். நான் முதலில் கட்டி முடித்தபோது மூன்றாவது தோட்டா மூக்கைக் கீழே குத்திக்கொண்டு மேகசினிலேயே மாட்டியது. மேகசின் தப்பு என்று இரண்டு மேகசின் வாங்கினேன். கடைசியில் பார்த்தால் சேஸியின் கொக்கி மேகசினை ஒரு மில்லிமீட்டர் கீழே பிடித்திருந்தது. கண்டுபிடிக்க இரண்டு வார இறுதி போனது. இந்த மாதிரி குடைந்து பார்ப்பதில் விருப்பம் இல்லாதவர்கள் கட்டாமல் இருப்பதே நல்லது.

மறுவிற்பனையைப் பற்றிச் சுருக்கமாக: முழு கஸ்டம் ரைஃபிளாக விற்றால் போட்ட பணம் வராது. பிரித்து விற்றால் ஆக்‌ஷனுக்கும் சேஸிக்கும் நல்ல விலை கிடைக்கிறது. ஃபேக்டரியோ கஸ்டமோ, வாங்க வருகிறவர் முதலில் கேட்பது எத்தனை ரவுண்டு ஓடியிருக்கிறது என்றுதான். மேக்னம் எனும் அதிக மருந்துத் தோட்டா ரகங்களும் கார்பன் சுற்றிய பேரலும் நான் வைத்திருந்ததில்லை. வேட்டைக்கும் போவதில்லை. மலையேறித் தூக்கிச் செல்கிறவருக்கு எடைதான் முதல் கேள்வியாக இருக்கும், அவர்கள் என் பேச்சை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஆகவே வாங்குவதற்கு முன் வருடத்துக்கு எத்தனை ரவுண்டு சுடுவீர்கள் என்று உண்மையாகக் கணக்குப் போடுங்கள். ஒருநாள் போட்டி ஒன்றுக்கு 80 முதல் 100 ரவுண்டு போகும். மாதம் ஒரு போட்டி, அதற்கிடையில் பயிற்சி என்றால் வருடம் 2,000 ஆகிவிடும். அப்படியென்றால் ஒவ்வொரு வருடமும் பேரல் பேச்சு வரும், கஸ்டம் ஆக்‌ஷன் வாங்கியது வீண்போகாது. மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போய் இரண்டு பெட்டி, 40 ரவுண்டு சுட்டு வருகிறவருக்கு ஃபேக்டரி பேரல் நாலைந்து வருடம் தாங்கும். அவர் அந்த மிச்சப் பணத்தை ஸ்கோப்புக்கும் தோட்டாவுக்கும் போடட்டும். தம்பி இப்போது இரண்டாவது ரகம்.

அவனை ஒரு டிக்கா வாங்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே ஒரு சின்ன நோட்டும் வாங்கி, முதல் தோட்டாவிலிருந்தே எண்ணிக்கை எழுதச் சொல்லியிருக்கிறேன். என் முதல் ரைஃபிளில் முதல் வருடக் கணக்கை நான் எழுதவே இல்லை. மேலே சொன்ன 2,600-இல் ஒரு பகுதி, காலிப் பெட்டிகளை எண்ணிப் பார்த்து நான் போட்ட கணக்கு.