கர்நாடகா ஆகும்பே பாக்குத்தோப்பு ஹோம்ஸ்டே: பறக்கும் ஓணான் பாக்க போனோம், 5-க்கு 4

முதல்லயே சொல்லிடுறேன், ஸ்விம்மிங் பூல், கேம்ப்ஃபயர், ராத்திரி பாட்டு டான்ஸ் எல்லாம் எதிர்பாத்தா இந்த இடம் உங்களுக்கு செட் ஆகாது. எங்களுக்கு முன்னாடி போன ஒருத்தரு "தோப்புல பராமரிப்பே இல்ல, ஒரே எறும்பு, பின்பக்கம் பாதி மரம் கவனிப்பாரில்லாம கிடக்கு"ன்னு எழுதி ஒத்த ஸ்டார் குடுத்துட்டு போயிருக்காரு. அதப் படிச்சுட்டுதான் நான் புக்கே பண்ணேன், நெசமா. நாங்க பாக்கப் போன ஜீவனுக்கு சாப்பாடே எறும்புதான்.

பறக்கும் ஓணான், சிலபேர் பறக்கும் பல்லின்னு சொல்லுவாங்க, கன்னடத்துல ஹாருவ ஓதி. முக்கியமா மேற்குத் தொடர்ச்சி மலைலதான் இருக்கு, நம்ம ஆனைமலைப் பக்கமும் உண்டு, ஆனா அங்க மரம் ஒவ்வொண்ணும் வானத்த தொடுற உயரம், அண்ணாந்து பாத்தே கழுத்து போயிரும், ரெண்டு தடவை டாப்ஸ்லிப் போயி ஒண்ணுகூட கண்ணுல படாம திரும்பி வந்திருக்கேன். ஆகும்பேல விஷயம் என்னன்னா காட்டை ஒட்டியே பாக்குத் தோப்பு, காட்டுல இருக்கிறது தோப்புக்கும் வந்து குடியிருக்கு. பாக்கு மரம் கிளையில்லாம நெடுக ஒரே தண்டு, அதனால கண்டுபிடிக்கிறது கொஞ்சமாச்சும் சுலபம்.

போன வருஷம் அதே ஏரியாவுல வேற ஒரு இடத்துல தங்கினோம், பேரு வேணாம். அங்க கைடுன்னு வந்த பையன் மரத்துல இருந்தத டபக்குன்னு கையில புடிச்சு, ரெண்டு பக்கமும் விரலால இறக்கைய விரிச்சு "போட்டோ எடுத்துக்கோங்க சார்"ங்கிறான். அது வாயத் தொறந்துட்டு நடுங்குது, சுத்தி நின்ன எட்டு பேரும் செல்போன நீட்டுறாங்க, என் பொண்ணு அழுதுட்டா. சின்ன வயசுல ஊர்ல நாங்களும் புல்லுல சுருக்கு போட்டு வேலி ஓணான் புடிச்சு வெளையாண்டவங்கதான், யோக்கியம் பேச வரல, ஆனா காசு குடுத்து அதப் பாக்க மனசு வரல.

இங்க அப்படி இல்ல. வீட்டு அஜ்ஜா (கன்னடத்துல தாத்தா) போட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு, மரத்துல கை வைக்கக் கூடாது. அவருக்கு அரைகுறைத் தமிழ் வரும், என் பொண்ண "புட்டி புட்டி"ன்னு (நம்ம பாப்பாங்கிற மாதிரி) கூப்ட்டுக்கிட்டே காலைல ஒம்பது மணிக்கு பின்பக்கத் தோப்புக்கு கூட்டிட்டுப் போனாரு. அந்த ஒத்த ஸ்டார் ஆளு திட்டின அதே தோப்புதான். மரம் ஏற ஆள் கிடைக்கல, மழைக்காலத்துல காய் அழுகாம இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கணும், அதுக்கும் ஆள் இல்ல, அதனால பின்னாடி ஒரு ஏக்கர அப்படியே விட்டுட்டாராம். தண்டெல்லாம் பாசியும் சாம்பல் திட்டுமா இருக்கு, எறும்பு வரிசை வரிசையா ஏறுது. ஓணானும் அதே சாம்பல் கலரு. முன்பக்கத் தோப்புல வெயிலுக்காக தண்டுக்கு வெள்ளையடிச்சிருக்காரு, அங்க நாங்க ஒண்ணுகூட பாக்கல, வெள்ளைல எங்க போயி ஒளியும் பாவம்.

முதல் இருபது நிமிஷம் ஒண்ணுமே தெரியல. அஜ்ஜா கைய நீட்டி "நோடு நோடு"ங்கிறாரு, பாரு பாருன்னு, நான் வெறும் மரத்த பாத்துட்டு நிக்கிறேன். அப்புறம் திடீர்னு மஞ்சளா ஒரு துணுக்கு வெளிய வந்து உள்ள போச்சு, தொண்டைக்குக் கீழ சின்னக் கொடி ஆட்டுன மாதிரி. ஆண் ஓணானோட தாடி அது, பொட்டைக்கு ரொம்பச் சின்னதுதான். ஒரு தடவை அது கண்ணுல பட்டுட்டா அப்புறம் பழகிடுது, பதினொரு மணிக்குள்ள ஆறு எண்ணினோம். வால் நுனி வரைக்கும் சேத்தாலே ஒரு சாண்தான் இருக்கும், எறும்பு வரிசை பக்கத்துல ஆடாம அசையாம உக்காந்துட்டு நாக்கால ஒவ்வொண்ணா எடுத்துட்டே இருக்கு, ஹோட்டல்ல பஃபே பக்கத்துலயே சேர் போட்டு உக்காருவாங்களே சிலபேரு, அந்த மாதிரி.

பறந்தது பத்தி சொல்லணும். உண்மையில பறக்கிறது இல்ல, சறுக்குறது. மரத்துல கொஞ்சம் மேல ஏறி, தலைய கீழ பாத்து குதிக்குது, அடுத்த செகண்டே ரெண்டு பக்கமும் குடை மாதிரி விரியுது, கருஊதா கலர்ல. குடைக்கம்பி மாதிரி உள்ள இருக்கிறது அதோட விலா எலும்புதான், நீளமா வளந்து தோலுக்குள்ள இருக்கு, வேணாங்கிறப்ப உடம்போட மடிச்சு வச்சுக்குது. மரத்துக்கு மரம் ஒம்பது அடி இடைவெளின்னு அஜ்ஜா சொன்னாரு, அது மூணு மரத்த தாண்டி நாலாவதுல போயி ஒட்டிக்கிச்சு, கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. சத்தமே இல்ல, ஒட்டுறப்ப மட்டும் லேசா ஒரு டப்.

என் பொண்ணு போன்ல ஸ்லோ மோஷன் எடுத்தா. அதப் பெருசாக்கிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, இறக்கை விரிஞ்ச உடனே முன்னங்கை ரெண்டையும் பின்னாடி கொண்டுபோயி இறக்கையோட முன் ஓரத்த கையாலயே புடிச்சுக்குது! காத்துல முந்தானை பறக்காம புடிச்சுப்பாங்கள்ல, அப்படி. மரம் கிட்ட வந்ததும் விட்டுட்டு கைய முன்னாடி நீட்டி தண்ட புடிக்குது. நாங்க என்னமோ பெருசா கண்டுபிடிச்சுட்டோம்னு குதிச்சோம், வீட்டுக்கு வந்து தேடினா 2017-லயே ஒரு ஆய்வுல இதச் சொல்லிட்டாங்க, அதுவும் இதே ஆகும்பேல, இதே மாதிரி கைவிட்ட பாக்குத் தோப்புல பாத்து எழுதினது. கொஞ்சம் ஏமாத்தம்தான், ஆனா பொண்ணு ஸ்கூல்ல அந்த வீடியோவ காட்டி ரெண்டு வாரம் ஹீரோவா இருந்தா.

பொட்டை ஓணான் முட்டை போட மட்டும் மண்ணுக்கு இறங்குமாம், மூக்கால மண்ணத் தோண்டி போட்டு மூடிட்டு திரும்ப ஏறிடுமாம். அதுக்காகவே பின்பக்கத்துல களை வெட்டுற மெஷின் ஓட்டுறதில்லன்னாரு அஜ்ஜா. நாங்க போனப்ப அதப் பாக்கக் குடுத்து வைக்கல.

இப்ப ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, புக்கிங் பேஜ்ல "நைட் வாக்கில் பறக்கும் ஓணான்"னு போட்டிருக்கு. இது பகல் ஆளுங்க, இருட்டுனா மரத்தோட ஒட்டித் தூங்கிடும். நைட் வாக் தனியா 600 ரூபா, தவளை நிறைய, மலபார் குழிவிரியன் ஒண்ணு, அந்த அளவுல குறையில்ல, ஆனா இல்லாததச் சொல்லி விக்கக் கூடாதுல்ல. அஜ்ஜாட்ட கேட்டா "அது மகன் எழுதுனது, எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது"ன்னு சிரிக்கிறாரு. சுடுதண்ணி காலைல ஏழு மணி வரைக்கும்தான். காபி கிடையாது, கஷாயம்தான், சீரகம் மல்லி வெல்லம் பால் போட்டு அஜ்ஜி, அதான் பாட்டி, தருவாங்க, ரெண்டாவது நாள்ல இருந்து நானே ரெண்டு டம்ளர் கேட்டு வாங்கினேன். அக்கி ரொட்டி, அரிசிமாவு ரொட்டிதான், சூப்பர். மூணு பேருக்கு ரெண்டு நாளுக்கு சாப்பாட்டோட 9,000 ஆச்சு.

உடுப்பில இருந்து 55 கிலோமீட்டர்தான், ஆனா மலைப்பாதைல 14 கொண்டை ஊசி வளைவு, வாந்தி வர்றவங்க மாத்திரை போட்டுக்கோங்க. நாங்க போனது பிப்ரவரி, அட்டை ஒண்ணுகூட கடிக்கல, மழைக்காலத்துல போனா அது வேற கதை.

இன்னொண்ணு, நின்னுட்டு அண்ணாந்து பாக்காதீங்க, அஜ்ஜிட்ட பாய் கேளுங்க, தருவாங்க. தோப்புல விரிச்சு மல்லாந்து படுத்துக்கோங்க, எறும்பு மட்டும் பாத்துக்கோங்க.