பாதியில் நின்ற திருப்பணிக்குள் ஓர் அருங்காட்சியகம்: சியெனாப் பேராலயத்தின் மயெஸ்தா

இத்தாலியின் சியெனா நகரப் பேராலயத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டையிட்ட தூண்களையும் சித்திரத் தரையையும் பார்த்துவிட்டு, பக்கத்திலிருக்கும் அருங்காட்சியகத்தைக் கையில் மிச்சமிருக்கும் நேரத்துக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் முறை சென்றபோது நானும் அதையே செய்தேன். எங்களை அழைத்துச் சென்ற பயண ஏற்பாட்டாளர் மொத்த ஊருக்கும் இரண்டு மணி நேரம் கொடுத்திருந்தார். அதில் அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தது இருபது நிமிடம். அந்தக் கடனை அடைக்கத்தான் இரண்டாம் முறை தனியாகச் சென்றேன். இப்போது யாராவது கேட்டால், பேராலயத்தைச் சற்று விரைவாகப் பார்த்துவிட்டு, மிச்ச நேரம் முழுவதையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள் என்றே சொல்வேன்.

அருங்காட்சியகத்தின் பெயர் 'மூசேயோ தெல்லோப்பெரா'. அதிலுள்ள 'ஓப்பெரா' என்ற சொல்லைக் கண்டு இசை நாடகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே அது கட்டட வேலையையும் அதை நடத்திய அமைப்பையும் குறிக்கிறது. தமிழில் சொல்வதானால் திருப்பணிக் குழு. அந்தக் குழு எடுத்து முடிக்காமல் விட்ட ஒரு வேலைக்குள்தான் அருங்காட்சியகமே அமைந்திருக்கிறது. இருக்கும் பேராலயத்தைச் சிலுவை வடிவக் கோயிலின் குறுக்குக் கையாக வைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிய புதிய நடுக்கூடம் ஒன்றைக் கட்டச் சியெனாக்காரர்கள் 1339இல் முடிவெடுத்தார்கள். 1348இல் வந்த கொள்ளைநோய் ஊரையே சூறையாடியது. எழும்பிய சுவர்களிலும் கட்டுமானக் குறைகள் தெரியவர, வேலை கைவிடப்பட்டது. அன்று எழுந்த பக்கக்கூடத்தின் வளைவுகளைப் பிற்காலத்தில் சுவரெழுப்பி அடைத்த இடமே இன்றைய அருங்காட்சியகம். வாசலில் நுழையும்போது, ஒருபோதும் வழிபாடு நடக்காத ஒரு கோயிலுக்குள் நுழைகிறோம் என்பது நினைவில் இருந்தால் மற்றவை தாமாகவே விளங்கும்.

தரைத்தளத்தில் நிற்பவை ஜொவான்னி பிசானோ பேராலய முகப்புக்காக 1284 முதல் 1297 வரையிலான ஆண்டுகளில் செய்தளித்த பளிங்குச் சிலைகள். இறைவாக்கினர்களும் சிபில்கள் எனப்படும் பழங்காலக் குறிசொல்லும் பெண்களும் பிளேட்டோ முதலிய பழங்கால அறிஞர்களும் வரிசையாக இருக்கிறார்கள். முகப்பில் இன்று நிற்பவை நகல்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்காகச் செதுக்கப்பட்டவை என்பதால், மோசேயின் சகோதரி மிரியாமின் கழுத்து, யாரோ கூப்பிட்டதும் எட்டிப் பார்ப்பதுபோல முன்னால் நீண்டிருக்கிறது. பல நூற்றாண்டு மழையும் வெயிலும் முகங்களைத் தேய்த்திருந்தாலும் அந்த நீட்சியின் வேகம் குறையவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: உயரத்துக்கென்று கணக்கிட்ட சிலைகளை அருகில் பார்க்கும்போது உடலளவுகள் சற்று விகாரமாகத் தெரிகின்றன. முடிந்தவரை தள்ளி நின்று, கொஞ்சம் குனிந்தும் பாருங்கள். பிறர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அதே கூடத்தில் சியெனா ஓவியர் தூச்சோ தி புவோனின்சேஞ்ஞா 1287-88இல் வரைந்து கொடுத்த வட்ட வண்ணக் கண்ணாடிச் சாளரம் இருக்கிறது. அன்னை மரியாவின் அடக்கம், விண்ணேற்பு, முடிசூட்டு ஆகிய மூன்றும் கீழிருந்து மேலாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பேராலயத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்த இந்தச் சாளரத்தின் முன் இங்கே நெருங்கி நின்று, முகங்களின் கறுப்புக் கோடுகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது.

இவையெல்லாம் முன்னுரைதான். அரியணையில் அமர்ந்த அன்னை மரியாவை முன்பக்கத்தில் கொண்ட, இருபுறமும் தீட்டிய பீடப் படமான தூச்சோவின் 'மயெஸ்தா' மேல் தளத்தில், ஒளி குறைத்த அறையில் இருக்கிறது. 1308 அக்டோபரில் எழுதப்பட்ட ஒப்பந்தம், ஓவியர் இதைத் தம் கையாலேயே செய்ய வேண்டும், முடியும்வரை வேறு வேலை ஏற்கக் கூடாது, வேலை செய்யும் நாளுக்குப் பதினாறு சோல்தி கூலி என்று கறாராகப் பேசுகிறது. 1311 ஜூன் 9 அன்று கடைகளை அடைத்து, மணிகள் ஒலிக்க, எக்காளம் முழங்க, ஆயரும் குருக்களும் நகர ஆட்சியாளர்களும் மெழுகுதிரி ஏந்திய மக்களும் சூழ, பட்டறையிலிருந்து பேராலயத்துக்கு இந்தப் படத்தை ஊர்வலமாகக் கொண்டுசென்றார்கள். உற்சவமூர்த்தி வீதியுலா வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்துகொள்வது கடினமன்று.

முன்பக்கம் மக்களுக்கானது. தங்க ரேக்கு ஒட்டிய பின்னணியில், சுற்றிலும் இருப்பவர்களைவிடப் பன்மடங்கு பெரிய உருவமாக, குழந்தை இயேசுவுடன் அரியணையில் அமர்ந்திருக்கிறார் அன்னை மரியா. முன்வரிசையில் நகரத்தின் காவல் புனிதர் நால்வர் முழங்காலிட்டிருக்கிறார்கள். அரியணையின் அடியில் இலத்தீனில் ஒரு வேண்டுதல்: இறைவனின் தூய தாயே, சியெனாவுக்கு அமைதி தருக; உன்னை இவ்வாறு தீட்டியதற்காகத் தூச்சோவுக்கு வாழ்வு தருக. ஊருக்கு வேண்டிக்கொண்ட கையோடு தனக்கும் ஒரு வரி சேர்த்துக்கொண்ட அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

என்னை அறையில் கட்டிப்போட்டது பின்பக்கம். பீடத்துக்குப் பின்னால் அமர்ந்து செபித்த குருக்களின் கண்ணுக்கென்று, இயேசுவின் திருப்பாடுகளின் நிகழ்வுகள் இருபத்தாறு சிறு காட்சிகளாக அங்கே வரையப்பட்டன. இடது கீழ்மூலையில் எருசலேம் நுழைவில் தொடங்கி மேல்நோக்கிப் படித்துச் செல்ல வேண்டும். பேதுரு மறுதலிக்கும் காட்சியின் முன் மட்டும் கால் மணி நேரம் நின்றிருப்பேன். கீழே முற்றத்தில் ஆட்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே பேதுரு குளிர் காயப் பாதங்களை நீட்டியிருக்கிறார். படிக்கட்டடியில் நிற்கும் பணிப்பெண் அவரைச் சுட்டிக்காட்டுகிறாள். அந்தப் படிக்கட்டு அப்படியே மேலேறி அடுத்த காட்சிக்குள் போகிறது. அங்கே, அதே நேரத்தில், முன்னாள் தலைமைக் குரு அன்னாவின் முன் இயேசு கைகள் கட்டப்பட்டு நிற்கிறார். கீழே 'அவரை எனக்குத் தெரியாது' என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்க, சொல்லப்படுபவர் ஒரு மாடி உயரத்தில்தான் இருக்கிறார் என்பதை ஒரு படிக்கட்டைக் கொண்டே சொல்லிவிட்டார் தூச்சோ. எழுத்தில் எனக்கு மூன்று வாக்கியங்கள் தேவைப்பட்டன.

இந்த நெருக்கம் நமக்குக் கிடைத்ததன் காரணம் ஒரு கொடுமை. 1771இல் பலகையை ரம்பத்தால் அறுத்து முன்னையும் பின்னையும் பிரித்தார்கள். அப்போது அன்னையின் முகத்திலும் சேதம் ஏற்பட்டது. பிரிந்த சிறு துண்டுகள் பல பின்னர் விலைபோய், இன்று லண்டன், வாஷிங்டன், நியூயார்க், ஃபோர்ட் வொர்த், மத்ரித் என்று சிதறிக் கிடக்கின்றன. 2024 இறுதியில் நியூயார்க்கிலும் 2025இல் லண்டனிலும் நடந்த கண்காட்சியில் பின்பக்க அடிப்பட்டையின் (படத்தின் கீழே ஓடும் சிறு காட்சிகளின் வரிசை) எஞ்சிய துண்டுகள் சில மாதங்களுக்கு ஒன்றுசேர்ந்தன; பிறகு அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. சியெனாவில் இப்போது முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அறையில் எதிரெதிராக நிற்கின்றன. மக்களுக்கான முகத்துக்கும் குருக்களுக்கான முகத்துக்கும் நடுவில் நின்று இரண்டையும் திரும்பித் திரும்பிப் பார்க்கும் வாய்ப்பு 1311இல் யாருக்கும் இல்லை.

பியெத்ரோ லொரென்செத்தியின் 'மரியாவின் பிறப்பு' (1342) தவறவிடக் கூடாத இன்னொன்று. மூன்று பலகைகளில் இரண்டைச் சேர்த்து ஒரே அறையாக்கியிருக்கிறார். நடுவிலுள்ள சட்டம் அறையின் தூணாகிவிடுகிறது. மரியாவின் தாய் அன்னாளின் கட்டம்போட்ட படுக்கை விரிப்பைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும். திருப்பண்டப் பேழைகளும் திருவுடைகளும் நிறைந்த பகுதியில் புனித கல்கானோவின் பேழையைத் தவிர வேறெதுவும் என்னை நிறுத்தவில்லை. பிற்கால வெள்ளி வேலைப்பாட்டில் ஆர்வமுள்ளவர்கள் கருத்து வேறுபடலாம். 'பெரிய கண்களின் மாதா' என்ற பழைய புடைப்புப் பலகைக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். மயெஸ்தாவுக்கு முன்பு பேராலயப் பீடத்தில் இருந்தது அது. 1260 செப்டம்பரில் ஃபுளோரன்ஸுடன் நடந்த மொந்தாபெர்த்திப் போருக்கு முன் ஊரார் இதன் முன்னேதான் நேர்ந்துகொண்டார்கள் என்பது மரபு. தூச்சோவின் அன்னை தலையைச் சற்றுச் சாய்த்திருக்கிறார்; இவரோ நேராக முறைக்கிறார்.

பேராலயம், திருமுழுக்கு ஆலயம், 1999இல் கண்டெடுக்கப்பட்ட நிலவறை ஆகியவற்றோடு சேர்த்துக் கூட்டுச் சீட்டு வாங்குவதே வசதி. சீட்டில் 'ஃபாச்சாத்தோனே' சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முடிக்கப்படாத கூடத்தின் முகப்புச் சுவர் உச்சிக்கு ஏறும் வழி அது. சுழற்படிகள் குறுகலானவை, சிறு சிறு குழுக்களாகவே விடுகிறார்கள், காத்திருக்க நேரும். மூட்டுவலியோ குறுகிய இடங்களில் மூச்சுமுட்டலோ உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம். மாலை வெயில் சாயும் நேரத்துக்கு இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் காம்ப்போ சதுக்கத்தின் பக்கம் திரும்பிப் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மறுபக்கம் திரும்பி நேர் கீழே பாருங்கள்: கூரை ஏறாத நடுக்கூடத்தின் தரையில் ஊர்க்காரர்கள் குறுக்கே நடந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.